வெண்ட் பைப்பின் வாய்க்கு அப்பால்: கேள்வி பதில்

கேஸ் லைன்களிலும், அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வுகளிலும் பல வருஷம் கை வைத்தவன் நான். வெண்ட் பைப், அதாவது கேஸை வெளியேற்றும் குழாயின் வாயைத் தாண்டியபின் கேஸ் எங்கே போகிறது, இன்று அதைக் கேளுங்கள்.

கே: சார், வெண்ட் பைப் எவ்வளவு உயரம் இருந்தால் போதும்?

ப: எல்லோரும் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேகத்தை. வேகமாகப் பீறிடும் கேஸ் சுற்றியுள்ள காற்றைத் தனக்குள் இழுத்து, தானே நீர்த்துக்கொள்ளும். நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் நேராக மேலே விட்டால், குழாய் விட்டத்தைப் போல 120 மடங்கு தூரம் போவதற்குள் எடைக்கணக்கில் 3 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். மீத்தேன், புரோப்பேன் இரண்டுக்கும் தீப்பிடிக்கும் கீழ் எல்லை (இதற்கும் கீழே நீர்த்தால் பற்றாது) ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. 50 மில்லிமீட்டர் குழாய் என்றால் 6 மீட்டர்.

வால்வ் முழுசாகத் திறந்திருக்கும்போது இது சரி. மூடும் தறுவாயில், அல்லது சீட் (வால்வின் மூடி உட்காரும் இடம்) கசியும்போது, வேகமே இருக்காது. கேஸ் வாயோரத்தில் வழிந்து காற்று போகும் பக்கம் சாயும். உயரம் காப்பாற்றுவது அப்போதுதான். கூரைக்கு அரை மீட்டர் மேலே முடித்துவிட்டு ‘மேலேதானே இருக்கிறது’ என்று விடாதீர்கள். கட்டடத்தைத் தாண்டும் காற்று மறுபக்கம் சுழன்று கீழே இறங்கும், கேஸையும் கூட்டிக்கொண்டு. ஏசி காற்று இழுக்கும் இடம் அந்தப் பக்கம் இருந்தால் கதை முடிந்தது.

கே: மீத்தேன் லேசு. தானாக மேலே போய்விடாதா?

ப: சாதாரண வெப்பநிலையில் போகும். காற்றின் மூலக்கூறு எடை 29, மீத்தேன் 16. ஆனால் எல்என்ஜி (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை வாயு, பெரும்பாலும் மீத்தேன்) கொதிப்பது மைனஸ் 162 டிகிரியில். அந்தக் குளிரோடு வரும் மீத்தேன் காற்றைவிடக் கனம், மைனஸ் 110 வாக்கில் சூடேறும்வரை தரையில்தான் தவழும். புரோப்பேன் 44, பியூட்டேன் 58. இவை குழியையும் சாக்கடையையும் தேடிப் போகும்.

கே: மழைத்தண்ணி இறங்குது அண்ணா. வாயைக் கீழே வளைச்சு கூஸ்நெக் போட்டுட்டோம்.

ப: கழற்றுங்கள். வாயைக் கீழே திருப்பினால் மேல்நோக்கிய வேகம் முழுக்க வீண். வருகிற கேஸ் நேராகப் பிளாட்ஃபாரத்தில் நிற்பவர் தலையில். மழைக்கு, அழுத்தம் வந்ததும் தானே விலகும் லேசான மூடி போதும்; குழாயின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை.

கே: வீட்டு வாட்டர் ஹீட்டர் புகைக்குழாய் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கலாமா?

ப: அது எரிந்த கேஸ், பிரச்சினை கார்பன் மோனாக்சைடு. ஹீட்டரோடு வந்த கையேட்டைப் பாருங்கள், லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

கே: இருபது வருஷமா டேங்குகளில் கூஸ்நெக்தான் போடுறேன். ஒண்ணும் ஆகலையே. சும்மா பயமுறுத்தாதீங்க.

ப: என்ன டேங்க் என்று சொல்லவில்லையே. தண்ணீர் டேங்க், சுலபத்தில் தீப்பிடிக்காத கனமான எண்ணெய் டேங்க் என்றால் நீங்கள் செய்தது சரி. அங்கே வெறும் மூச்சுதான் போய்வருகிறது. நான் பேசுவது அழுத்தத்தில் வெடித்துக் கிளம்பும் எரிகேஸை. இரண்டுக்கும் ஒரே வளைவைப் போடாதீர்கள்.

கே: அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு சார். எங்க நேர்ப் பைப்பில் தண்ணி தேங்கி, வால்வ் தலையில நின்னுச்சு. திறக்க வேண்டிய அழுத்தத்தில், செட் பிரஷரில், திறக்கவே இல்லை.

ப: திறக்காதுதான். 1 மீட்டர் தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட 0.1 பார் கூடுதல் சுமை. உறைந்தால் இன்னும் மோசம். அதற்குப் பழி நேர்ப் பைப்பின் மேல் இல்லை, வடிகால் ஓட்டை மேல். அதைப் போய்ப் பாருங்கள். ஓட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் பாருங்கள். வால்வ் திறந்தால் அதன் வழியாகவும் கேஸ் பீறிடும். தீப்பிடித்தால் ஊதுகுழல் போல எதிரே இருப்பதைச் சுடும். எதிரே டேங்கின் உடம்பு இருக்கக் கூடாது.

கே: கூஸ்நெக்கில் ஃப்ளேம் அரெஸ்டர் மாட்டினால்?

ப: அரெஸ்டர் தீ உள்ளே போவதைத் தடுக்கும். கேஸைக் கலைக்காது. வளைவு வளைவுதான்.

கே: எவ்வளவு உயரம் வைக்கணும் சார்?

ப: முதல் பதில்.

கே: ஹைட்ரஜன் சல்ஃபைடு விட்டோம். கொஞ்ச நேரத்தில் வாடை போயிடுச்சு. கலைஞ்சிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

ப: கூடவே கூடாது! 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வாக்கில் மூக்கே மரத்துவிடும். வாடை போனால் கேஸ் கூடியிருக்கலாம். தீப்பிடிக்கும் எல்லை 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து 100 பிபிஎம்மிலேயே. தீக்குப் போட்ட கணக்கைவிட 400 மடங்கு நீர்க்க வேண்டும். இந்தக் கேஸை வெண்டில் விடுவதே தவறு, எரித்துவிடும் ஃப்ளேருக்கோ, கழுவி எடுக்கும் ஸ்க்ரப்பருக்கோ அனுப்புங்கள்.

கே: வெண்டில் திரவம் வந்தால்?

ப: மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது. 2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. எண்ணெய் பிரிக்கும் கோபுரம் நிரம்பி வழிந்து, புளோடவுன் ஸ்டாக்கின் (அவசரத்தில் வெளியேற்றும் உயரக் குழாய்) வாயிலிருந்து ஹைட்ரோகார்பன் திரவம் ஊற்றுப்போல் கொட்டியது. ஆவி மேகம் தரையில் பரவித் தீப்பிடித்தது. 15 பேர் இறந்தார்கள். ஸ்டாக் உயரமாகத்தான் இருந்தது.

கே: கூஸ்நெக்கை 45 டிகிரி மட்டும் வளைச்சா?

ப: தம்பி, வேண்டாம்.

கே: சார், தண்ணி தேங்குதுன்னு சொன்னேனே, போய்ப் பார்த்தேன். ஓட்டை இருக்கு. பெயிண்ட் அடிச்சவங்க சேர்த்து மூடிட்டாங்க.

ப: லைன் ஓடும்போது குத்தாதீர்கள். பெர்மிட் வாங்கி, வால்வைத் தனிமைப்படுத்திவிட்டுத் திறங்கள். அப்படியே பக்கத்து வால்வுகளையும் பாருங்கள், பெயிண்ட் அடித்தவர்கள் ஒன்றோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள்.