வீட்டைச் சுற்றி: வாசகர் கேள்விகள்

எங்கள் வீட்டில் 2003-இல் கட்டிய மழைநீர் சேமிப்புக் குழி இருக்கிறது. பெருமழை பெய்தால் நிரம்பி வழிந்து வாசலில் தேங்குகிறது. மூன்று நாளானாலும் வற்றுவதில்லை. மண்ணைப் போட்டு மூடிவிடலாமா?
– வாசகர், பெரம்பூர், சென்னை

மூடவே மூடாதீர்கள். முதலில் சிலாப்பைத் தூக்கிப் பாருங்கள். மேல்மணல் கறுத்து, அப்பளம்போல் ஒரு படலம் காய்ந்து கிடக்கும். விரலால் பெயர்த்தால் தகடாக வரும். மாடித் தூசியும் மக்கிய இலையும் ஆண்டுக்கணக்கில் படிந்து இறுகியது அது. இதைத் தாண்டித் தண்ணீர் இறங்காது. மேலே அரை அடி மணலை அள்ளிவிட்டு, கழுவிய ஆற்றுமணலையோ பெருமணலையோ போடுங்கள். கீழே இருக்கும் ஜல்லியும் சேறு பூசியிருந்தால் அதையும் வெளியே எடுத்து அலசித்தான் திரும்பப் போட வேண்டும். மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஒரு நைலான் வலை விரியுங்கள். வலை இல்லாவிட்டால் மணல் மெல்ல மெல்ல ஜல்லி இடுக்கில் இறங்கி, இரண்டும் கலந்து கெட்டித்துவிடும். பெரும்பாலான குழிகள் செத்துப்போவது இப்படித்தான்.

இவ்வளவு செய்தும் தண்ணீர் நின்றால் குற்றம் மண்ணுடையது. 2003-இல் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தபோது, கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்று ஊர் முழுக்க ஒரே மாதிரிக் குழி தோண்டினார்கள். ஆனால் சென்னை மண் ஒரே மண் இல்லை. பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் நாலடிக் குழியே தாராளம். பெரம்பூர், அண்ணா நகர் பக்கம் களிமண். அங்கே குழியை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அது தொட்டிதான், உறிஞ்சு குழி ஆகாது. களிமண் அடுக்கைத் துளைத்து அடியில் உள்ள மணலைத் தொட வேண்டும்.

அதற்குக் குழியின் அடித்தளத்தில் 6 அங்குல அகலத்தில் கைத்துளை போடச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து அடி என்பது பொதுவான கணக்கு, சில தெருக்களில் இன்னும் இறங்க வேண்டியிருக்கும். அடியை எண்ணாமல், வெளியே வரும் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள். உருட்டினால் உருண்டை பிடிக்கிறவரை களிமண். விரலிடுக்கில் நறநறவென்று உதிர்ந்தால் மணலைத் தொட்டாயிற்று, அதற்குள்ளும் இரண்டு மூன்று அடி போய் நிறுத்தலாம். துளைக்குள் 4 அங்குல பி.வி.சி. குழாயைப் பக்கவாட்டில் கீறல் போட்டு, நைலான் வலை சுற்றி இறக்கி, சுற்றிலும் கூழாங்கல் கொட்டுங்கள். குழாயின் வாய் குழியில் உள்ள ஜல்லி அடுக்குக்குள்ளேயே முடிந்து, மூடி போட்டிருக்க வேண்டும். மணலுக்கு மேலே நீட்டிவிட்டால் சேற்றுத் தண்ணீர் வடிகட்டப்படாமல் நேராக இறங்கி, ஓரிரு மழைக்காலத்தில் துளை அடைத்துக்கொள்ளும்.

வேளச்சேரி, கிண்டி மாதிரி பாறைப் பகுதிக்காரர்கள் இதைச் செய்து பணத்தை வீணாக்க வேண்டாம். மேலோட்டமான குழியால் அங்கே பெரிய பயன் இல்லை. மாடித் தண்ணீரைத் தரைத்தொட்டியில் பிடித்து நேராகப் பயன்படுத்துவதே மேல். வீட்டில் பழைய கிணறு இருந்தால் எந்த மண்ணானாலும் அதுதான் முதல் தேர்வு: வடிகட்டித் தொட்டி வழியாக மாடித் தண்ணீரைக் கிணற்றில் விடுங்கள். பல காலம் மூடிக் கிடந்த கிணற்றுக்குள் தூர் வார ஆளை இறக்காதீர்கள். உள்ளே காற்று நஞ்சாகி உயிர் போயிருக்கிறது.

முதல் மழைத் தண்ணீரைக் கழித்துவிட வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு கழிப்பது?
– வாசகி, தாம்பரம்

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். அழுக்கை அடித்துப்போக முதல் அரை மி.மீ. போதும் என்று வைத்தால் சுமார் 46 லிட்டர். 6 அங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 18 லிட்டர் பிடிக்கும். ஆகவே இறக்குக் குழாயில் ஒரு ‘டி’ (T வடிவ இணைப்பு) வைத்து, அதன் கீழே இரண்டரை மீட்டர் குழாயை நிறுத்தி, அடியில் திருகு மூடி போட்டால் வேலை முடிந்தது. அழுக்குத் தண்ணீர் அதில் நிரம்பிய பிறகு, நல்ல தண்ணீர் ‘டி’ வழியே தொட்டிக்குத் திரும்பும்.

மழை விட்டதும் மூடியைத் திறந்து காலி செய்ய மறப்பதால்தான் இந்த அமைப்பு பழுதாகிறது. நிரம்பிய குழாய் அடுத்த மழையின் அழுக்கை வாங்காது, கொசுவும் முட்டையிடும். மூடியில் ஆணி கனத்துக்கு ஒரு துளை போட்டால் தானே சொட்டி வடியும். அந்தத் துளையையும் இலைத்துணுக்கு அடைக்கும், வாரம் ஒருமுறை குத்திவிடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால் இதையும் பாருங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. சேதாரம் போக எண்பது சதவீதம் பிடித்தாலும் அதே மாடியில் ஒரு லட்சம் லிட்டர் தேறும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புறக் கணக்கில், நால்வர் குடும்பத்துக்கு ஆறு மாதத் தண்ணீர் அது. 2019-இல் ஏரிகள் வறண்டு லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

மேல்தள வீடு. இரவு பத்து மணிக்கும் கூரை அனல் வீசுகிறது. வெள்ளை அடித்தால் குறையுமா?
– வாசகர், மதுரை

குறையும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இருட்டிய பிறகு உள்பக்கம் கக்குகிறது. விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. புது வெள்ளைப்பூச்சு வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது இதனால்தான்.

மழை ஓய்ந்து தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, பிப்ரவரி மார்ச்சில் அடியுங்கள். பாசியைக் கம்பிப் பிரஷால் சுரண்டி, விரிசலை அடைத்து, கழுவி, ஒரு நாள் காயவிட வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் கொப்புளம் கிளம்பி உரியும். செலவு குறைவாக வேண்டுமென்றால் சுண்ணாம்பை இரவே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பசை சேர்த்து இரண்டு கை அடிக்கலாம். ஒரு மழைக்காலம் தாண்டாது, ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். குளிர்கூரைப் பெயின்ட் வாங்கினால் டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. எண்ணைப் (வெயிலைத் திருப்பி, சூட்டை வெளியேற்றும் திறனைச் சொல்லும் எண்) பாருங்கள், 100-க்குக் குறையாமல் இருக்கட்டும். எதை அடித்தாலும் தூசி படிந்தால் பாதிப் பலன் போச்சு. கோடையில் மாதம் ஒருமுறை பெருக்கித் துடையுங்கள்.

வாசல் புங்க மரத்தைச் சுற்றி அடிமரம் வரை சிமென்ட் பூசிவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

உடைக்க வேண்டும். டெல்லி மரங்களுக்காக, சுற்றிலும் ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே உத்தரவிட்டது. அதைச் சுட்டிக்காட்டி மாநகராட்சியில் மனு கொடுங்கள். இயந்திரச் சம்மட்டி வேண்டாம், வேர் நசுங்கும். உளியும் சுத்தியலும் போதும். உடைத்த இடத்தில் இறுகிய மண்ணைக் கைக்கொத்தால் மேலாகக் கிளறி, மக்கிய உரம் தூவி, சருகை இரண்டு அங்குலம் பரப்புங்கள். சருகு அடிமரத்தைத் தொடக்கூடாது, பட்டை அழுகும். விளம்பரத் தட்டி அடித்த ஆணி இருந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள்.