கிளினிக் கொப்பி இருப்பவருக்கு வேலை கிடையாதா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருக்கிறோம். தம்பிக்கு 31 வயது. ஒரு அரிசி ஆலையின் ஸ்டோரில் நாலு வருடம் எட்டு மாதமாக மூட்டைக் கணக்குப் பார்க்கிறான். நாற்பது பேர் வேலை செய்யும் இடம். இருதுருவ மனநோய்க்கு மருந்து எடுக்கிறான். போன மாதம் மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். துண்டு வெட்டி வந்து வேலைக்குப் போனால், "வீட்டில ஓய்வெடுக்கட்டும்" என்று முதலாளி ஒரு இராஜினாமாக் கடிதத்தை நீட்டுகிறார். தம்பி கையெழுத்துப் போடவில்லை. வழக்குப் போடலாமா? அரசாங்க வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று வீதம் ஒதுக்கீடு உண்டு என்கிறார்களே, அதைப் பார்ப்போமா?

பதில்: கையெழுத்துப் போடாமல் வந்தாரே, அதற்கே தம்பியைப் பாராட்ட வேண்டும். இனியும் போட வேண்டாம். அன்பாகக் கேட்டாலும், காசு உறையைக் காட்டிக் கேட்டாலும் சரி.

இப்படியான பிரச்சினையில் எல்லோரும் முதலில் தேடுவது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தை. உள ஆற்றல் குறைபாட்டையும் அது சேர்த்துத்தான் பேசுகிறது. ஆனால் அதன் 23ஆம் பிரிவு தடுப்பது வேலைக்குச் சேர்க்கும்போது காட்டும் பாகுபாட்டை. சேர்ந்து நாலரை வருடம் உழைத்தவரை வெளியே தள்ளுவது பற்றி அந்தப் பிரிவு வாய் திறப்பதில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. சமவாயம் வேலையில் தொடர்வதையும் பேசுகிறது. ஆனால் அதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு இங்குள்ள நீதிமன்றத்தில் நிவாரணம் வாங்க முடியாது.

உங்களுக்குக் கைகொடுப்பது நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத சாதாரணத் தொழில் சட்டம். வேலை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் முந்தின 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தை ஏன் நீட்டினார் என்று இப்போது விளங்கும். சம்மதமும் இல்லாமல் அனுமதியும் இல்லாமல் நிறுத்தினால், மீண்டும் வேலையில் எடு, இடைக்காலச் சம்பளத்தையும் கொடு என்று ஆணையாளர் கட்டளையிடலாம்.

தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கும் போகலாம். அங்கே வழக்கு இழுபடும். கடைசியில் வேலைக்குப் பதிலாக நட்டஈட்டோடு முடிவதும் உண்டு. உங்களுக்கு வேண்டியது வேலை என்பதால் முதலில் அந்த ஆணையாளரின் தொழில் திணைக்களம்தான் என் தெரிவு. இந்த முறைப்பாடுகளுக்குக் காலக்கெடு உண்டு, அதுவும் மாதக் கணக்கில். தைப்பொங்கல் கழியட்டும், வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

முதலாளி தரப்பு என்ன சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும்: "நாங்கள் நிறுத்தவில்லை, அவராகத்தான் வராமல் நின்றார்." அதனால் இன்றைக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை வைத்தியசாலையில் இருந்தேன், இப்போது வேலைக்குத் தயார், எப்போது வரலாம் என்று அறியத்தாருங்கள், அவ்வளவு போதும். நோயின் பெயரை எழுதத் தேவையில்லை. வைத்தியரிடமும் வேலை செய்யத் தகுதி உண்டு என்று மட்டும் ஒரு துண்டு கேளுங்கள். மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் ஏதும் அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐந்து வருடம் முடிந்தால் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. தம்பிக்கு நாலு மாதம்தான் பாக்கி. முதலாளி இதை நினைத்தாரோ இல்லையோ, நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். சேமலாப நிதிக்கு அவர் பங்கு 12 வீதமும் தம்பி பங்கு 8 வீதமும் ஒழுங்காகப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த மூன்று வீதம் 1988இல் வந்த 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை. அரச சேவைக்கும் கூட்டுத்தாபனங்களுக்கும் மட்டும்தான், அதுவும் பதவிக்குரிய தகைமை இருந்தால். விண்ணப்பிக்கட்டும், தவறில்லை. அதை நம்பி இருக்கும் வேலையை விடக் கூடாது.

திரும்ப எடுக்கும் பேச்சு வந்தால் இரண்டை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: இரவு ஷிஃப்ட் வேண்டாம், கிளினிக் நாளில் லீவு. இந்த நோய்க்கு நித்திரை கெடுவதுதான் பெரிய எதிரி என்று வைத்தியரே சொல்லியிருப்பார். அதையும் துண்டில் எழுதித் தரச் சொல்லலாம். வழக்குச் செலவுக்கு வழியில்லை என்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. நியமனக் கடிதம், சம்பளத் துண்டுகள், தபால் பற்றுச்சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு தம்பியையும் கூட்டிப் போங்கள். அவருக்காக நீங்களே எல்லாவற்றையும் பேசிவிடாமல், நடந்ததை அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள்.