சிவப்பு விளக்கில் கைத்தொலைபேசி எடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கைத்தொலைபேசியை எடுத்துக் குறுஞ்செய்தி பார்ப்பது குற்றமாகாது என்கிறார். உண்மையா? (சிங்கப்பூர், ஈசூன் வாசகி)

பதில்: உங்கள் கணவர் சொல்வது சட்டத்தின் எழுத்தளவில் சரியே. 2015 பிப்ரவரி 1 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கைத்தொலைபேசியையோ கைக்கணினியையோ கையில் பிடித்துப் பயன்படுத்துவது குற்றம். பேசுவது மட்டுமன்றி, செய்தி தட்டுவதும் இணையத்தைப் பார்ப்பதும் அதில் அடங்கும். தாங்கியில் பொருத்திய தொலைபேசியில் வழிகாட்டி வரைபடம் பார்க்கத் தடையில்லை.

சிக்கல் எங்கே என்றால், பச்சை விழுந்து பின்னாலிருப்பவர் ஹார்ன் அடித்ததும், பாதித் தட்டிய செய்தியோடு ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறோமே, சக்கரம் உருண்ட அந்தக் கணமே குற்றம் தொடங்கிவிடுகிறது. (நானும் அப்படிப் பலமுறை ஹார்ன் வாங்கியவன்தான்.) முதல்முறை பிடிபட்டு நீதிமன்றம் சென்றால் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம், மீண்டும் செய்தால் இவை இரட்டிப்பாகும். வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கு அபராதத்தைவிட ஓட்டுநர் உரிமத்தில் ஏறும் 12 குற்றப்புள்ளிகளே பெரிய கவலை.