ஒரே ஒரு வாடிக்கையாளர்

அன்புள்ள அண்ணா,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருக்கிறேன். சேர்ந்து 11 வருடம் ஆகிறது. கையில் வருவது மாதம் 80,000. இங்கே கணபதி பகுதியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், “வேலைய உட்டுப்போட்டு வாங்க, கான்ட்ராக்ட்ல வச்சுக்கறேன், மாசம் 96,000” என்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் ராஜினாமா மெயிலை எழுதி எழுதி அழிக்கிறேன். தனியாக நிற்கிற அளவுக்குத் திறமை இருக்கிறதா என்று சந்தேகம். அப்பா மில் தொழிலாளியாக இருந்தவர். “நிரந்தர வேலைய உட்டுட்டு எவனாச்சும் கான்ட்ராக்டுக்குப் போவானா” என்று கேட்டார், அதற்கப்புறம் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. வீட்டுக்கடன் தவணை 22,000. அம்மாவுக்குச் சர்க்கரை. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. இந்தப் பயத்தை எப்படிப் போக்கிக்கொள்வது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அது பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. 11 வருடமாகப் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரும் அதை மூடும் கேசிங்கும் வரைந்து, அவை வார்ப்பாகி ஓடுவதைப் பார்த்தவருக்குத் திறமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வியே இல்லை. அந்தப் பட்டறைக்காரர் உங்களைத் தேடி வந்ததே அதற்காகத்தான். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. உங்களுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர். மாதம் முழுக்க அவருக்கே வேலை. அவர் சொல்லும் தொகைதான் கூலி. இதைத் தொழில் என்று சொல்ல முடியாது. இப்போது பார்க்கும் அதே வேலைதான், பி.எஃப்., கிராஜுவிட்டி, விடுப்பு, இன்சூரன்ஸ் மட்டும் இருக்காது. அவருக்கு ஒரு ஆர்டர் கைவிட்டுப் போனால் உங்களுக்கு மொத்தமும் போய்விடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 80,000 கையில் தரும் கம்பெனி உங்களுக்காகச் செலவழிப்பது அதைவிட அதிகம். பி.எஃப்.பில் அவர்கள் பங்கு, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது, குடும்ப இன்சூரன்ஸ், போனஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 11 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தால் கம்ப்யூட்டர், டிசைன் மென்பொருளின் உரிமம், ஆடிட்டர், இன்சூரன்ஸ் எல்லாம் உங்கள் தலையில். திருட்டு நகலில் வரையலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பெயர்தான் உங்கள் மூலதனம். இந்தச் செலவுகளுக்கு ஒரு 2 லட்சம். ஆக 13 லட்சம்.

இனி நாட்கள். ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து எல்லாம் போக ஏறக்குறைய 280 நாள் மிஞ்சும். கொட்டேஷன் எழுதுவது, ஆட்களைப் போய்ப் பார்ப்பது, வரவேண்டிய பணத்துக்கு அலைவது என்று அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிடும். காசு வாங்கக்கூடிய நாள் 175 தேறினால் நல்லது. 13 லட்சத்தை 175-ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 7,500 ரூபாய். அவர் தருவதாகச் சொல்லும் 96,000-ஐ 26 நாளால் வகுத்தால் 3,700-கூட வரவில்லை. 20 சதவீதம் கூட என்று நீங்கள் சந்தோஷப்பட்ட தொகை பாதி விலை.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது தப்புக்கு யார் பொறுப்பு என்பது. வேலையில் இருக்கும்போது வரைபடத்தில் ஓர் அளவு பிசகினால் திட்டு விழும், நஷ்டம் கம்பெனியோடு போகும். தனியாக இருக்கும்போது வார்ப்புக்கான மாதிரியான பேட்டர்னை வெட்டி, வார்ப்பும் ஊற்றிய பிறகு, “இம்பெல்லர் இதழோட கோணம் தப்பு, இத்தனை கிலோ ஸ்கிராப், நீதான் கட்டு” என்பார்கள். அதனால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும். வரைபடத்தை அவர்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே பேட்டர்னுக்குப் போக வேண்டும். எது நடந்தாலும் உங்கள் பொறுப்பு அந்த வேலைக்கு வாங்கிய கூலி அளவோடு நிற்கும். “சின்ன மாத்தம்தான் தம்பி” என்று வரும் திருத்தங்களுக்கும் இதே கதைதான்: இரண்டு திருத்தம் கூலிக்குள் அடக்கம், மூன்றாவதற்குத் தனிக் காசு.

பில் விஷயம். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் முடிந்துவிடும். அந்த எண்ணைப் பில்லில் போடுங்கள். சிறுதொழில் சட்டப்படி உங்களுக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. முதல் வருடமே வாடிக்கையாளர் மேல் வழக்குக்குப் போக மாட்டீர்கள்தான். அதனால் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். பார்வைக்குப் பிடிஎஃப் கொடுங்கள். முப்பரிமாண மாடலின் மூலக் கோப்பு, மீதிப் பணம் வந்த பிறகு. எனக்கும் முடித்துக் கொடுத்த வேலைக்கு மாதக்கணக்கில் காத்திருந்த அனுபவம் உண்டு. நல்ல மனிதர்களும்கூடத் தாமதப்படுத்துவார்கள், அவர்களுக்கே வரவேண்டியது வந்திருக்காது.

வரி நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பயமுறுத்தாது. இன்ஜினியரிங் தொழிலுக்கு மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்ட வழி இருக்கிறது, 50 லட்சம் வரை. ஜி.எஸ்.டி. 20 லட்சத்தைத் தாண்டினால்தான். மற்றதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

அம்மா விஷயம் அப்படி விடக்கூடியதில்லை. கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் அவர் இருந்தால், நீங்கள் விலகியதும் அது போய்விடும். புதிதாக எடுக்கும் பாலிசியில் ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் குரூப்பிலிருந்து தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்று வேலையில் இருக்கும்போதே கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை ராஜினாமா வேண்டாம். இதில் மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

உங்களுக்கு வரவேண்டியதும் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால், 15 நாள் சம்பளம் வீதம் 11 வருடத்துக்குக் கிராஜுவிட்டி ஏறக்குறைய இரண்டரை லட்சம். அதைத் தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் தனியாக வைத்துவிடுங்கள். பி.எஃப்.பை எடுக்காதீர்கள், வட்டி வந்துகொண்டிருக்கும். பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷன் திட்டத்திலும் 10 வருடம் தாண்டியிருந்தால் 58 வயதில் உங்களுக்கு அந்த உரிமையும் உண்டு. கம்பெனி வரைபடம் ஒன்றுகூட உங்கள் பென் டிரைவில் வெளியே வரக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடம் வாதாடாதீர்கள். உங்கள் ஊரில் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. அங்கே இருந்தவர்களும் நிரந்தரத் தொழிலாளர்கள்தான். அது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நேர்ந்ததும் தெரியும், அவர் பயப்படுவது அதற்குத்தான். இன்சூரன்ஸ் தாளையும் வங்கிப் புத்தகத்தையும் அவர் முன்னால் வைத்துக் கணக்கைச் சொல்லுங்கள். மில்லில் வேலை பார்த்தவருக்குக் கணக்குப் புரியும்.

பயம் முழுதாகப் போகுமா என்றால், போகாது. ஒன்றாம் தேதி வங்கியிலிருந்து சம்பளக் குறுஞ்செய்தி வராத முதல் மாதம் வயிற்றைப் பிசையும். மனைவியின் சம்பளமும் ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பும் இருந்தால் அதைத் தாண்டிவிடலாம்.

இந்த வாரமே கணபதிக்குப் போய் அவரிடம் பேசுங்கள். மாதம் 12 நாள், நாளுக்கு 7,500, மற்ற நாட்களில் வேறு இடங்களுக்கும் வேலை செய்வேன் என்று சொல்லுங்கள். ஒரு சின்னப் பட்டறைக்கு மாதம் முழுக்க வரைய வேலை இருக்க வாய்ப்பில்லை, அவருக்கும் 90,000-இல் முடிந்துவிடும். ஒத்துக்கொண்டால் உங்களுக்கு முதல் வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். நோட்டீஸ் காலத்தில் இரண்டாவது ஆளைத் தேடுங்கள். ‘தினமும் ஒன்பதுக்கு வரணும், வேறெங்கயும் போகக்கூடாது’ என்றால் அவர் தேடுவது பி.எஃப். இல்லாத ஒரு சம்பளக்காரரை. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், வேறொருவர் வருவார்.

என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்