கையெழுத்து வாங்கிவிட்டு ‘இடமில்லை’ என்கிறார் கோச்: என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் டெக்ஸாஸில் வசிக்கிறோம். மகன் இங்கேயே பிறந்தவன், 18 வயது, பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கிக்கர் (பந்தை உதைப்பவன்). டிசம்பரில் வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று முழு ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியது. அதை நம்பி, அழைத்த வேறு இரண்டு கல்லூரிகளை மறுத்துவிட்டோம். இப்போது ஜூன் மாதத்தில் கோச் ஃபோன் செய்து, “ஆள் அதிகமாகிவிட்டது. ஆகஸ்டில் வேண்டாம், ஜனவரியில் வந்து சேரட்டும். இல்லாவிட்டால் விடுவிக்கச் சொல்லி அவனையே ஒரு மெயில் போடச் சொல்லுங்கள், நாளைக்குள் வேண்டும்” என்கிறார். இது நியாயமா? வழக்குப் போடலாமா?

பதில்: அந்த மெயிலை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஏன் என்றால், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி, மாணவன் நிதியுதவி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதிலிருந்து அதில் குறித்த காலம் முடியும்வரை, ஆட்டத்திறன் போதவில்லை, காயம்பட்டுவிட்டான் என்றெல்லாம் சொல்லித் தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியாது. நிறுத்தலாம் என்று விதி சொல்லும் முக்கியமான சந்தர்ப்பங்கள் சில உண்டு: ஆடும் தகுதியை இழப்பது, விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தருவது, கடுமையான ஒழுங்கீனம், மாணவன் தானாகவே விலகுவது. முதல் மூன்றும் உங்கள் மகனுக்குப் பொருந்தவில்லை. நான்காவதைத்தான் கோச் அவன் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார். ‘நாளைக்குள்’ என்ற அவசரமும் அதற்காகத்தான்.

இது புதிய வித்தை அல்ல. நெடுங்காலம் பெரிய ஃபுட்பால் அணிகளுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு 85, ஆண்டுக்குப் புதிதாகச் சேர்ப்பவர்கள் 25 என்று இருந்தது. ஆனால் ஆகஸ்டில் யார் வந்து சேர்ந்தார்கள் என்றுதான் எண்ணினார்கள். அதற்கு முன் பிப்ரவரியில் எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. 2009-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கோச் ஹூஸ்டன் நட் 37 பேரிடம் கையெழுத்து வாங்கினார். அதன் பிறகுதான் அந்தப் பல்கலைக்கழகம் ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பான எஸ்இசி, 28 பேரிடம்தான் கையெழுத்து வாங்கலாம் என்று வரம்பு போட்டது. 2011-ல் அதை 25 ஆக்கியது. இடையில் 2010-ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் (எல்எஸ்யூ) விடுதி அறைக்கே குடிவந்துவிட்ட ஒரு மாணவனிடம், ஆகஸ்ட் மாதத்தில், இடமில்லை, ஜனவரியில் வா என்றார்கள். இப்படித் தள்ளிவைப்பதை ‘கிரேஷர்ட்’ என்பார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த பெர்னி மேச்சன் இந்தப் பழக்கத்தைப் பகிரங்கமாகவே சாடி எழுதினார்.

இப்போது கணக்கு மாறிவிட்டது. நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூனில் ஒப்புதல் அளித்த, வீரர்களுக்குக் கல்லூரியே வருவாயில் பங்கு தர வழிவிட்ட ‘ஹவுஸ்’ வழக்குச் சமரசத்தை ஏற்ற கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு இல்லை. அணிப் பட்டியலுக்குத்தான் வரம்பு, ஃபுட்பாலுக்கு 105 பேர். ஆனால் பட்டியலை 105-க்குள் கொண்டுவர சீசனின் முதல் ஆட்டம்வரை அவகாசம் இருக்கிறது. ஆகவே கூடுதலாக ஆள் எடுத்துவிட்டுக் கோடையில் கழிக்கும் பழைய ஓட்டை அப்படியேதான் இருக்கிறது.

நியாயமா என்று கேட்டீர்கள். இல்லை என்பதுதான் என் கருத்து. விமான நிறுவனங்களும் இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்கின்றன. ஆனால் அமெரிக்காவில், இருக்கை இல்லாமல் இறக்கிவிடப்படும் பயணிக்குப் பெரும்பாலும் இழப்பீடு கொடுத்தாக வேண்டும். இங்கே ஆபத்து முழுவதும் 18 வயதுப் பையன் தலையில். அவன் மறுத்த இரண்டு கல்லூரிகள் அவனுக்காகக் காத்திருக்கப் போவதில்லை என்பது கோச்சுக்கும் தெரியும்.

ஆனால் நியாயமில்லாதது எல்லாம் நீதிமன்றத்தில் ஜெயிப்பதில்லை. ரைஸ் பல்கலைக்கழக வீரர் ஜோசப் ஆக்னியூ, காயத்துக்கும் கோச் மாற்றத்துக்கும் பிறகு ஸ்காலர்ஷிப்பை இழந்து, என்சிஏஏ மீது ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தார். 2012-ல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதே நீதிமன்றம் 1992-ல் கிரைட்டன் பல்கலைக்கழக வழக்கில், மாணவனுக்கும் கல்லூரிக்கும் உள்ள உறவு ஒப்பந்த உறவுதான் என்று சொன்னது. ஆனால் மீறப்பட்டது எந்த வாக்குறுதி என்று குறிப்பாகக் காட்ட வேண்டும் என்றது. உங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து கோச் சொன்னதை வைத்து வாதாடுவது கடினம். எதிரில் நிற்பது அரசுப் பல்கலைக்கழகம் என்பதால், மாநிலத்தின் மீது வழக்குப் போட முடியாது என்ற விலக்குரிமையையும் எழுப்புவார்கள். அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

எனவே காகிதத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எத்தனை ஆண்டுக்கு? 1973 முதல் ஒரே ஆண்டுக்குத்தான் தர முடியும் என்றிருந்தது. 2012 முதல் பல ஆண்டுக்கும் தரலாம். எந்தப் பருவத்தில் தொடங்குகிறது, ஆகஸ்டா ஜனவரியா? நிதியுதவி அலுவலகத்தின் கையெழுத்து இருக்கிறதா, கோச்சின் கடிதம் மட்டும்தானா? வருவாய்ப் பங்கு ஒப்பந்தம் தனியாகப் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அது ரத்து என்று உள்ளே ஒரு வரி இருக்கலாம். ஆகஸ்ட் தொடக்கம், நிதியுதவி அலுவலகக் கையெழுத்து இரண்டும் இருந்தால் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட வலுவானது.

பிறகு உங்கள் மகன் ஒரு மெயில் எழுதட்டும். நீங்கள் அல்ல, அவன்தான். 18 வயது ஆனவனின் கல்வி ஆவணங்களைப் பற்றி அவன் சம்மதமில்லாமல் பெற்றோரிடம் பேசக் கல்லூரிக்குக் கடமையில்லை. கோச்சுக்கும், விதிப் பின்பற்றல் அலுவலகத்துக்கும், நிதியுதவி அலுவலகத்துக்கும் ஒன்றாகப் போகட்டும். இன்ன தேதியில் ஃபோனில் இப்படிச் சொன்னீர்கள், நான் விலகவில்லை, ஒப்பந்தப்படி ஆகஸ்டில் சேருகிறேன், உதவித்தொகையை நிறுத்துவதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள், விசாரணை உரிமையையும் அறிவியுங்கள். நான்கு வரி போதும், கோபம் வேண்டாம். அந்த விசாரணையை விளையாட்டுத் துறை நடத்தக் கூடாது என்பது விதி. எழுத்தில் கேட்டதுமே பல கோச்சுகளின் குரல் இறங்கிவிடும். ஃபோனைப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் பொறுங்கள்: டெக்ஸாஸில் ஒரு தரப்பின் சம்மதம் போதும், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் எல்லோர் சம்மதமும் வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இதில் நீங்கள் ஜெயித்தாலும் கிடைப்பது படிப்புச் செலவுதான். களத்தில் இறக்கு என்று எந்த விதியும் கோச்சுக்குச் சொல்லாது. வேண்டாதவனாக ஓர் ஆண்டு ஓரமாக நிற்க உங்கள் மகன் தயாரா என்பதை அவனிடம் கேளுங்கள். ஆட்டம்தான் முக்கியம் என்றால், மறுத்த கல்லூரிகளில் ஒன்றுக்குப் போவதே உத்தமமாக இருக்கலாம். ஆனால் கையெழுத்து நிலுவையில் இருக்கும்போது மற்ற கோச்சுகள் அவனை அணுகத் தடை உண்டு. ஆகவே, பிற கல்லூரிகளோடு பேச அனுமதியையும், புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பழைய உதவித்தொகை அப்படியே நிற்கும் என்ற உறுதியையும் ஒரே கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை ஜனவரிக்கும் சம்மதிக்க வேண்டாம்.