சுற்றுச்சூழல் ஆய்வுத் தரவு: கேள்வி-பதில்

கேள்வி: சென்னைப் பக்கம் மண் மாதிரி எடுத்த இடங்கள் எல்லாம் வரைபடத்தில் ஆர்க்டிக் கடலில் போய் விழுகின்றன. மென்பொருள் கோளாறா?

மென்பொருளில் ஒன்றுமில்லை. 80, 13 என்று இருக்க வேண்டியதை 13, 80 ஆக்கிவிட்டீர்கள். இடங்களை வரைபடத்தில் காட்டும் கேஎம்எல் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரும், அட்சரேகை அடுத்து. திருத்தத்தை நகலில் செய்யுங்கள், களத்திலிருந்து வந்த மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: திட்ட இடத்தைச் சுற்றி 10 கி.மீ.க்கு நிலப் பயன்பாட்டு வரைபடம் செய்தோம். ஏப்ரல் மாத சென்டினல் செயற்கைக்கோள் படம், மேகமே இல்லை. நீர்நிலை இல்லை என்று எழுதலாமா?

எழுதவே கூடாது. எந்த மாவட்டம் என்றுகூடச் சொல்லாமல் கேட்கிறீர்கள், தமிழ்நாடு என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே மழையை நம்பியிருக்கும் ஏரிகளில் பெரும்பாலானவை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் வற்றி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். அதை வகைப்படுத்தும் மென்பொருள் தரிசு என்றோ புதர் என்றோ நிறம் பூசிவிடும், அந்த நிறம் அப்படியே அறிக்கையில் ஏறும், அப்புறம் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டும் குட்டைக்கு இடம் தேடும்போது அந்த ஏரிதான் காலியாகக் கண்ணில் படும். ஒரு பாசனப் பரப்பே இப்படிப் போகும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கான களத் தரவை மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் எடுத்தால் போதும் என்பது நடைமுறை, அதனால் பலரும் மார்ச்-மே என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். செயற்கைக்கோள் படத்துக்கு அந்தக் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது? சென்டினல்-2 படங்கள் 2015 முதல் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டிசம்பர், ஜனவரி படங்களை எடுங்கள், அதுவும் ஒரே வருடம் போதாது, 2016 போல மழை பொய்த்த வருடம் மாட்டினால் மறுபடியும் தரிசுதான் தெரியும். இன்னும் பின்னால் போக 1980கள் முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. கடைசியாக, ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று சொல்லும் கிராம அ-பதிவேட்டையும், நில அளவை எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் உங்கள் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவேட்டில் ஏரி என்றிருந்தால், தண்ணீர் நின்றாலும் நிற்காவிட்டாலும் அது ஏரிதான்.

கேள்வி: ஆய்வக அறிக்கையில் ஈயத்துக்கு 'பிடிஎல்' (கண்டறியும் வரம்புக்குக் கீழே) என்று வந்திருக்கிறது. பூஜ்யம் போட்டுச் சராசரி எடுக்கலாமா?

கூடாது. கண்டறியும் வரம்பு எவ்வளவு, அலகு என்ன என்று நீங்கள் எழுதவே இல்லை. குடிநீரில் ஈயத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆய்வகத்தின் வரம்பே 0.05 என்றால் அந்த 'பிடிஎல்' எதையும் நிரூபிக்காது. வரம்போடு சேர்த்து '<0.05' என்றே மூலக் கோப்பில் இருக்கட்டும்.

கேள்வி: ஈரோடு-சேலம் மின்பாதையை வரைய, இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில் மண்டலம் 43ஆ, 44ஆ?

78 பாகை தீர்க்கரேகை நடுவில் ஓடுகிறது, ஈரோடு 43, சேலம் 44. ஏதாவது ஒன்றில் முழுப் பாதையையும் வையுங்கள், இவ்வளவு குறுகிய தூரத்துக்குப் பிழை பொருட்படுத்தும்படி இருக்காது. பாதி பாதியாகக் கலந்தால்தான் ஆபத்து.

கேள்வி: காற்றிலுள்ள நுண்தூசியை அளக்கும் பிஎம் 2.5 கருவி ஒரு நாளில் 11 மணி நேரம் நின்றுவிட்டது. முந்தைய நாள் அளவுகளை இட்டு நிரப்பலாமா?

அது தரவு இல்லை, புனைவு. காற்றுத் தரக் குறியீட்டுக்கே 24 மணி நேரத்தில் குறைந்தது 16 மணி நேர அளவு வேண்டும், உங்களிடம் 13தான் இருக்கிறது. அந்த நாளை விட்டுவிட்டு, கருவி ஏன் நின்றது என்று குறிப்பு எழுதி, இன்னொரு நாள் எடுங்கள். மூலக் கோப்பில் அந்த இடைவெளி இடைவெளியாகவே இருக்க வேண்டும்.