மைனஸும் மைனஸும் பிளஸ்தானே சார்?

கேள்வி: மகன் ஒன்பதாம் வகுப்பு. காலாண்டில் கணக்கில் 38 மார்க். ஜூனிலிருந்தே டியூஷன் போகிறான். ஒரே ஹாலில் நாற்பது பிள்ளைகள். நோட்டு நிறையக் கணக்கு இருக்கிறது, மார்க்தான் ஏறவில்லை. வீட்டுக்கே வந்து சொல்லித் தருகிறவரை வைக்கலாமா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: அந்த நோட்டை ஒருதரம் புரட்டிப் பாருங்கள் அம்மா. அடித்தல் திருத்தலே இல்லையென்றால் அது அவன் போட்ட கணக்கில்லை, போர்டைப் பார்த்து எழுதினது. நாற்பது பேருக்கு நடுவில் வேறென்ன செய்வான்? அது இன்னொரு பள்ளிக்கூடம், ஃபீஸ் மட்டும் தனி.

ரிட்டயரான பிறகு என் வீட்டுத் திண்ணையில் நாலு பேருக்கு மட்டும் சொல்லித் தருகிறேன். போன வருஷம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். “இவனுக்கு இயற்கணிதமே ஏறாது சார்” என்றார் அப்பா. ஒரு காரணிப்படுத்தும் கணக்கைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெருக்கினால் 15, கூட்டினால் −8 வருகிற இரண்டு எண்கள் வேண்டும். −3, −5 என்று சரியாகவே எழுதினான். அப்புறம் கூட்டிப் பார்த்து +8 என்று போட்டு, “வரலை சார்” என்று மொத்தத்தையும் அடித்துவிட்டான்.

“ஏன்டா அடிச்சே?”

“மைனஸும் மைனஸும் பிளஸ்தானே சார்?”

ஏழாம் வகுப்பில் முழுக்களுக்குப் படித்த பெருக்கல் விதி. அதைக் கூட்டலுக்கும் போட்டுக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறான். யாரும் அவன் பென்சிலைப் பார்க்கவில்லை. விடை தப்பென்று சுழித்ததோடு சரி. “மூணு ரூபா கடன், மேல அஞ்சு ரூபா கடன் வாங்கினா கையில எட்டு ரூபா இருக்குமாடா?” என்றேன். சிரித்துவிட்டான். அதற்குப் பிறகும் மூன்று வாரம் குறிகளும் பின்னங்களும்தான் போட வைத்தேன். “பத்தாவது பாடம் எப்ப சார் ஆரம்பிப்பீங்க?” என்று அப்பா முகம் சுளித்தார். (ஃபீஸ் கொடுக்கிறவர், கேட்கத்தான் செய்வார்.) பொதுத்தேர்வில் பையன் 61 எடுத்தான். நூறெல்லாம் இல்லை.

ஆகவே வீட்டுக்கு வருகிறாரா, நீங்கள் அனுப்புகிறீர்களா என்பது பெரிதில்லை. வருகிறவர் முதல் நாளே காலாண்டு விடைத்தாளைக் கேட்கிறாரா, பாருங்கள். கேட்காமல் முதல் பாடத்திலிருந்து நடத்த ஆரம்பித்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாரம் இரண்டு நாள் போதும். மற்ற நாளில் அவன் தனியாகப் போட்டுத் தப்புப் பண்ணட்டும். திருத்துவதற்கு ஏதாவது வேண்டுமே.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. கணக்கில் பாஸானால் போதும். மூன்று மாதத்தில் டியூஷன் உதவுமா?
– ஒரு தந்தை, பரமக்குடி

பதில்: 35 தானே? வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் (கிராஃப்) ஒன்று. தலா 8, ஆக 16. இரண்டிலும் ‘அல்லது’ உண்டு, கொடுத்த இரண்டில் தெரிந்ததைப் போடலாம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இதற்கு டியூஷன் வேண்டாம். தினம் ஒரு படம் வரையச் சொல்லி, கிராஃபில் அளவுத்திட்டம் (ஸ்கேல்) எழுதியிருக்கிறாளா என்று நீங்களே பாருங்கள். மிச்ச மார்க்குக்கு இரண்டு மதிப்பெண் கணக்குகளில் சுலபமானவற்றைப் பள்ளி ஆசிரியரிடமே குறித்து வாங்குங்கள். பென்சிலை மட்டும் கூராகச் சீவிக் கொடுங்கள். மழுங்கின முனையால் தொடுகோடு வரைந்தால் அது வட்டத்தை வெட்டிக்கொண்டுதான் போகும்.